முதல் கவளம்

“யாருக்காகப் பூனை கேக்கறே?”

விலங்குக் காப்பகத்து டாக்டரம்மா அப்படிக் கேட்டதும் சின்னவளுக்கு வாய் அடைத்துப்போனது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவள் பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாள். பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முணுமுணுத்துப் பார்த்தும் வைத்திருந்தாள். ஆனால் அதெல்லாம் எதற்காகப் பூனை என்று கேட்டால் சொல்லவேண்டியது. யாருக்காக என்று ஒருவர் கேட்பார் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

“எலிக்கு,” என்றாள்.

“எலி கேட்டுச்சா, பூனை வேணும்னு?” டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

சின்னவளும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. “தீவன மூட்டையெல்லாம் எலி கடிச்சுப் போட்டுடுது. ஒரு பூனை இருந்தா பரவாயில்லன்னு அப்பாவே சொன்னார்.”

அது பொய்யில்லை. சின்னவள் வீட்டில் நாய்தான் பிழைப்பு. வெளியூர் போகிறவர்கள் கொண்டுவந்து விடும் நாய்களை அப்பா பார்த்துக்கொள்வார். சொல்பேச்சு கேட்காத நாய்களுக்குப் பழக்கம் சொல்லிக்கொடுப்பார். தெருவில் அவருக்கு நாய்க்காரர் என்றுதான் பெயர். வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஆணி தோல்பட்டையும் சங்கிலியும். படிப்பு பாதியில் நின்றதிலிருந்து சின்னவளுக்குக் கூண்டு கழுவுவதுதான் வேலை. எவ்வளவு சோப்பு போட்டாலும் கையில் மருந்துத் தண்ணீர் வாடை போகாது.

டாக்டரம்மாவின் பின்னாலேயே அவள் ஒவ்வொரு கூண்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். குட்டிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தின. வளர்ந்த பூனைகள் எழுந்துவந்து உடம்பைத் தேய்த்துக் காட்டின. கடைசிக் கூண்டில் சாம்பல் நிறத்தில் ஒரு தடித்த பூனை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. காது ஓரம் கிழிந்திருந்தது. வளர்த்தவர்கள் வீடு மாறியபோது விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். யார் வந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லையாம்.

“இது,” என்றாள் சின்னவள்.

“நல்லா யோசிச்சுக்க. நாய் இருக்கற வீடுங்கறே. ஒத்து வரலேன்னா எனக்குச் சொல்லிடணும். நானே வந்து எடுத்துட்டு வந்துடுவேன். சரியா?”

சின்னவள் தலையாட்டினாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வரும்போதுதான் டாக்டரம்மாவின் கேள்விக்கு உண்மையான பதில் அவளுக்குள் மெல்ல வாய் திறந்தது. அக்காவுக்காக.

அக்கா வீட்டைவிட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சண்டை ரொம்பச் சின்னது. நாயை விட வந்த ஒருவர், “உங்க பொண்ணுங்களும் நாய்னா உயிரை விடுவாங்களே!” என்று அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். கூண்டுப் பக்கம் நின்றிருந்த அக்கா, “எனக்கு நாய்னாலே பிடிக்காது சார். சின்ன வயசுலேர்ந்தே,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எத்தனையோ நாளாகச் சொல்ல நினைத்தது அன்று வாயில் வந்துவிட்டது. வந்தவரை அப்பா கேட் வரை போய் வழியனுப்பினார். அப்புறம், “பிடிக்காத வீட்டுல எதுக்கு இருக்கணும்?” என்றார். அவ்வளவுதான். அக்கா பையை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். நகரத்தின் மறுகோடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை, கூட வேலை செய்கிறவளோடு ஒரே அறையில் வாசம். அம்மா வாசல்வரை ஓடினாள். அப்பா நகரவில்லை. “விடு. பசிச்சா தானா வருவா.”

முதலில் அக்கா வாரம் தவறாமல் தங்கைக்குப் போன் செய்வாள். கடைசியில் குரலை இறக்கி, “அப்பா கேட்டாராடி?” என்பாள். பிறகு எப்போதாவதுதான் போன் வந்தது. அக்காவுக்குப் பூனை என்றால் கொள்ளை ஆசை. சின்ன வயதில் தெருப்பூனை ஒன்றைப் பாவாடைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து அடி வாங்கியிருக்கிறாள். வீட்டில் ஒரு பூனை இருக்கிறது என்று சொன்னால், அதைப் பார்க்கிற சாக்கிலாவது ஒரு நடை வரமாட்டாளா? சின்னவளின் கணக்கு இதுதான். பூனை வீட்டில் நன்றாகப் பழகி வளையவர ஆரம்பித்ததும் அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டாள்.

பெட்டியைப் பார்த்ததும் அம்மா இடுப்பில் கைவைத்தாள். “வா தாயி. இந்த வீட்டுல நாலு கால் இருந்தாதான் மரியாதை. உனக்கு இருக்கு. நீ பொழச்சுக்குவே.”

புதிதாக வரும் எந்த நாய்க்கும் அந்த வீட்டில் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, கிழவி மோந்து பார்க்கவேண்டும். கிழவி என்பது வீட்டின் மூத்த நாய். இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, மூக்கை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. அது மோந்து பார்த்துவிட்டுப் புதியதற்கு முதுகைக் காட்டிப் படுத்துவிட்டால், சேர்த்துக்கொண்டது என்று அர்த்தம். அதன் பிறகு மற்ற நாய்கள் வம்புக்கு வராது. கிழவிக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மேஸ்திரிகூட, எல்லா நாயையும் வேலை வாங்குகிற அந்த முரட்டுக் கறுப்பன்கூட, பேசாமல் ஒதுங்கிவிடும்.

இரண்டாவது சட்டம், முதல் கவளம் கையிலிருந்துதான். வட்டில் வைப்பது கிடையாது. உள்ளங்கையில் வைத்து நீட்டவேண்டும். தின்றால் ஆயிற்று. தின்னாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடவேண்டும். மறுவேளை மறுபடி நீட்டவேண்டும். தின்கிறவரை அதற்குப் பெயரும் கிடையாது. “பசி சொல்லிக்கொடுக்காததை நான் என்ன சொல்லிக்கொடுத்துடப் போறேன்?” என்பார் அப்பா. கடித்துக் குதறுகிற நாயெல்லாம் ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு, அவர் கையில் மூக்கை வைத்து அழுவதைச் சின்னவள் பார்த்திருக்கிறாள்.

பூனையை அக்காவின் அறையில் விட்டார்கள். அது கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. கிழவி தட்டுத்தடுமாறி வந்து நிலைப்படியில் நின்று காற்றை முகர்ந்தது. வெகுநேரம் முகர்ந்தது. பிறகு அறைக்கு முதுகைக் காட்டி, வாசலை அடைத்தாற்போலப் படுத்துவிட்டது.

“ஆச்சு,” என்றார் அப்பா. அவர் முகத்தில் ஒரு திருப்தி. “கிழவியே காவலுக்குப் படுத்துட்டா. இனி ஒரு நாயும் கிட்ட வராது. சின்னவளே, நீ கொண்டுவந்தது, உன் கையால சாப்பிடட்டும்.”

சின்னவள் இறைச்சியைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் நீட்டினாள். கை மரத்துப்போகும்வரை நீட்டிக்கொண்டே இருந்தாள். இருட்டுக்குள் இரண்டு கண் அவளையும் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. சட்டப்படி இறைச்சியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த வேளையும் அப்படித்தான். அதற்கடுத்த வேளையும்.

“ஒரு கிண்ணத்துல வெச்சுட்டு வந்துடட்டுமாப்பா?”

“வெச்சா, உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? கிண்ணத்துக்கும் அதுக்கும்தான் சம்பந்தம்.”

“விடுடி,” என்றாள் அம்மா, நாய்களின் அண்டாவைக் கிளறிக்கொண்டே. “மனுஷிக்கே இங்க அந்தச் சட்டம்தான். கல்யாணமான புதுசுல ஒருநாள் கோவிச்சுக்கிட்டு சாப்பிடாம படுத்தேன். உங்கப்பா சமாதானம் பண்ணுவார்னு பார்த்தா, பக்கத்துல உட்கார்ந்து என் பங்கையும் சேர்த்து சாப்பிட்டுட்டு எழுந்து போயிட்டார். அன்னிலேர்ந்து நான் கோவிச்சுக்கறதுன்னா சாப்பிட்டுட்டுதான் கோவிச்சுக்குவேன்.”

அப்பாகூடச் சிரித்தார். சின்னவளும் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அவள் பார்வை அக்காவின் அறைப் பக்கம் போனது.

பூனை தின்னவில்லை. மறுநாளும் தின்னவில்லை. தண்ணீர் மட்டும் யாரும் இல்லாதபோது கொஞ்சம் குறைந்திருந்தது. எலிகள் பாட்டுக்குக் கூரை மேல் ஓடின. வாயிருந்தும் ஊமையாக அவள் வேளைக்கு வேளை கையை நீட்டினாள், எடுத்தாள். அப்பா முப்பது வருடமாக இதே வேலை செய்கிறவர். அவருக்குத் தெரியாததா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம் ஒரு காலை, நீட்டிய கையைப் பார்த்துப் பூனை முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளவில்லை. இத்தனை நாள் குறைந்தபட்சம் சீறும். அன்று அதுவும் இல்லை. தாடையிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. சின்னவள் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் அதை வெளியே எடுத்தாள். எதிர்ப்பே இல்லாமல் ஈரத்துணி மாதிரி வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கிழிந்த காதின் உள்பக்கம் மஞ்சளாக இருந்தது.

அப்பா மைதானத்தில் ஒரு நாய்க்குப் பழக்கம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று சின்னவள் காத்திருக்கவில்லை. யாரையும் கேட்காமல் அந்த வீட்டில் அவள் செய்த முதல் காரியம் அதுதான். பூனையைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டரம்மா ஈறைத் தூக்கிப் பார்த்தார். கண் இமையை விரித்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“எத்தனை நாளா சாப்பிடல?”

“வந்ததுலேர்ந்து.”

“என்னம்மா சொல்றே? நீங்க என்ன பண்ணினீங்க?”

சின்னவள் சொன்னாள். கையை நீட்டியது, எடுத்தது, வாசலில் கிழவி படுத்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டார். “நாய் ரெண்டு நாள் பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆகாது. மூணாவது நாள் கல்லைக் குடுத்தாலும் தின்னும். பூனை அப்படி இல்ல. அதுவும் இந்த மாதிரி தடிச்ச பூனை. சாப்பிடாம கிடந்தா உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரல்ல போய் அடைச்சுக்கிட்டு இப்படி மஞ்சக்காமாலை வந்துடும். அப்புறம் அதுக்குப் பசியே எடுக்காது. நீங்க பசிக்கட்டும், பசிக்கட்டும்னு காத்துக்கிட்டே இருந்திருக்கீங்க. அது பசிக்கிற கட்டத்தையே தாண்டிடுச்சு.”

“கிழவி அன்பாத்தான் படுத்திருந்துது டாக்டர். காவலுக்கு.”

“அன்பாத்தான். அது கட்டிலுக்கு அடியில இருக்கறவளுக்குத் தெரியணுமே. அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் வாசலை ஒரு நாய் அடைச்சுக்கிட்டு இருக்குங்கறதுதான்.”

ஊசி போட்டார்கள். தோலுக்கு அடியில் தண்ணீர் ஏற்றினார்கள். இங்கேயே விட்டுவிட்டுப் போ என்றுதான் டாக்டரம்மா முதலில் சொன்னார். சின்னவள் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. கூழாக அரைத்த இறைச்சியை ஊசி இல்லாத ஊசிக்குழாயில் எடுத்து, கடைவாய் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும், ஒரு நாளில் பலமுறை விடவேண்டும், வாரக்கணக்கில் ஆகலாம், அப்படியும் பிழைக்கும் என்று உத்தரவாதம் இல்லை என்று டாக்டரம்மா விளக்கினார். தேறவில்லை என்றால் கழுத்து வழியாகச் சாப்பாட்டுக் குழாய் போடவேண்டிவரும், தினமும் கொண்டுவந்து காட்டு என்றார். எல்லாவற்றுக்கும் சின்னவள் தலையாட்டினாள். அவள் கண்ணைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா பெட்டியைத் தானே மூடிக்கொடுத்தார். யாருக்காக என்ற பழைய கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். மேஸ்திரி அவர் காலடியில்.

“யாரைக் கேட்டு எடுத்துட்டுப் போனே?”

“யாரையும் கேக்கல.”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சின்னவள் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் ஒன்றையும் விழுங்காமல் சொன்னாள். “பசிச்சா வரும்னு உட்கார்ந்திருந்தா இது இனிமே வராதுப்பா. இதுக்குப் பசி போயிடுச்சு. நாமதான் போய் ஊட்டணும்.”

அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த கரண்டியின் சத்தம் நின்றது. அப்பா குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய்விட்டார். தண்ணீர்க் குழாயைத் திறந்து, சின்னவள் காலையிலேயே கழுவி முடித்த கூண்டுகளை அவர் மறுபடி கழுவும் சத்தம் கேட்டது.

சின்னவள் தனியாகத்தான் ஆரம்பித்தாள். பூனையைப் பிடித்தால் குழாயைப் பிடிக்க முடியவில்லை, குழாயைப் பிடித்தால் பூனை நழுவியது. கூழ் அவள் மடியிலும் பூனையின் கழுத்திலும் வழிந்தது. அதன் மீசை ஒட்டிக்கொண்டு பார்க்கப் பரிதாபமாக இருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது.

வாசலில் நிழல் விழுந்தது. அப்பா. குனிந்து கிழவியை இரண்டு கையாலும் தூக்கினார். கிழவி முனகியது. “உன் காவல் போதும்டி,” என்று அதன் காதோரம் சொல்லி, அடுப்படிக்குக் கொண்டுபோய்ச் சாக்கில் படுக்கவைத்துவிட்டு வந்தார். கதவைச் சாத்தினார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து துண்டை விரித்தார். நான்கு காலும் உள்ளே அடங்க, தலை மட்டும் வெளியே தெரிய, இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் ஒரே சுற்றில் பூனையைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ஓரமா விடு. முழுங்கட்டும். அவசரப்படாதே.”

அன்றிலிருந்து இருவருமாகத்தான் ஊட்டினார்கள். விருந்தாளி நாய்களைக் கவனிக்கிற நேரத்துக்கு நடுவே அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். சட்டத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பூனை சில நாள் விழுங்கியதை அப்படியே கக்கியது. காது மஞ்சள் இன்னும் கூடியதுபோல ஒருநாள் இருந்தது. அன்று அம்மா அறை வாசலில் நின்று, “ஒரு உயிரை வெச்சுக்கிட்டு இப்படியா சோதிப்பே?” என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டுவிட்டுப் போனாள். மேஸ்திரி சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே தன்னைவிட முக்கியமாக என்ன நடக்கிறது என்று தெரியாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஒரு பிற்பகல். அக்காவின் மேசை மேல் வெயில் விழுந்திருந்தது. அக்கா விட்டுப்போன சீப்பு இன்னும் அங்கேயே இருந்தது. அப்பா பூனையின் தாடையைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே, சுவரைப் பார்த்துக் கேட்டார்.

“போன் பண்றாளா?”

சின்னவளுக்கு யாரென்று புரிய ஒரு கணம் ஆனது. இத்தனை காலத்தில் அவர் கேட்டதே இல்லை.

“எப்பவாவது.”

“என்ன சொல்வா?”

“சாப்பிட்டேன்னு சொல்வா. நல்லா இருக்கேன்னு சொல்வா.”

அப்பா பூனையைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தார். “என்னைக் கேப்பாளா?”

பொய் சொல்லியிருக்கலாம். சின்னவளுக்கு அது தோன்றாமலில்லை. ஆனால் குழாயைப் பிடித்திருந்த கையும், அதில் கூழும், எதிரே அந்த மஞ்சள் காதும் இருக்கும்போது வாய் வரவில்லை.

“முன்னாடி ஒவ்வொரு தடவையும் கேப்பா. அப்பா கேட்டாரான்னு. இப்பக் கேக்கறதில்லப்பா.”

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. துண்டுக்குள் பூனையின் நெஞ்சு ஏறி இறங்குவதை அவருடைய பெரிய கை மூடிக்கொண்டிருந்தது. “ம்,” என்றார். துண்டைச் சரிசெய்துகொண்டு, “ஊத்து,” என்றார். அவர் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

அதற்குப் பிறகும் பல நாள் ஊட்டினார்கள். காதின் மஞ்சள் எப்போது இறங்கத் தொடங்கியது என்று சொல்ல முடியாது. இறங்கிவிட்டிருந்தது, அவ்வளவுதான். ஒரு காலை, கூழைக் கிண்ணத்தில் கரைத்துத் தரையில் வைத்துவிட்டுச் சின்னவள் குழாயைத் தேடித் திரும்பினாள். பின்னால் நக்கும் சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பூனை கட்டிலுக்கு அடியிலிருந்து பாதி வெளியே வந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிண்ணத்தில் தலையைக் கவிழ்த்திருந்தது. எலும்பு தெரிந்த அந்த முதுகு நக்குகிற வேகத்துக்குக் குலுங்கியது.

துண்டோடு வந்த அப்பா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். இருவரும் அசையவில்லை. பூனை கிண்ணத்தை வழித்து நக்கியது. யாருடைய கையையும் அது பார்க்கவில்லை, யாருக்கும் நன்றி சொல்லவில்லை. மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். பெயர் வைப்பார் என்று நினைத்தாள். அவர் துண்டை நான்காக மடித்தார். அக்காவின் கட்டில் விளிம்பில் வைத்தார். திரும்பிப் போனார்.

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. காலையிலேயே குளிக்கிற மனிதர் இல்லை அவர். கூண்டு வேலை முடிந்துதான் குளிப்பார். பிறகு பீரோ திறக்கும் சத்தம். கூடத்துக்கு வந்தபோது, வெளியே விசேஷமாகப் போனால் மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நாய் மயிர் ஒட்டியிருக்கிறதா என்று கையால் இரண்டு தோளையும் தட்டிவிட்டுக்கொண்டார். சின்ன வயதில் அக்கா பள்ளிக்கூடம் கிளம்பும்போது தினமும் தன் உடையை அப்படித்தான் தட்டிவிட்டுக்கொள்வாள்.

“எங்கே கிளம்பிட்டீங்க?” என்றாள் அம்மா. அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அம்மா மறுபடி கேட்காமல் கரண்டியைப் பிடித்தபடி ஜன்னலுக்கு நகர்ந்தாள்.

அப்பா எங்கே போனாலும் நாய்களிடம் சொல்லிக்கொண்டுதான் போவார். கேட் அருகே திரும்பி நின்று, “இரு, வரேன்,” என்பார். அந்தச் சொல் விழுந்ததும் மேஸ்திரி படுத்துவிடும். அன்றும் அது ஓடிப்போய் அவர் முன்னால் நின்று, முகத்தை அண்ணாந்து, அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தது. அவர் அந்தச் சொல்லைச் சொல்லாமலே அதைத் தாண்டிக் கேட்டைத் திறந்தார். மைதானத்துக்குப் போகும் பக்கம் திரும்பவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். நகரத்தின் மறுகோடிக்கு, அக்கா இருக்கிற பக்கம் போகிற பேருந்துகள் நிற்பது அங்கேதான்.

பேருந்து வந்தது, அவரை மறைத்தது, போனது. நிறுத்தத்தில் யாரும் இல்லை. மேஸ்திரி இன்னும் நின்றுகொண்டே இருந்தது.